மின்னேறாத மடிக்கணினியும் நான் அவசரப்பட்டு வாங்கிய பேட்டரியும்

கும்பகோணத்தில் வீட்டில் இருந்தபடியே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பதும் என் பிழைப்பு. அதற்கு 2013-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்றே இன்றுவரை போதுமானதாக இருக்கிறது. மூன்றாம் தலைமுறை ஐ5 செயலி கொண்டது. நடுவில் நினைவகத்தை 8 ஜிபியாக உயர்த்தி, சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். அடிப்பக்கத்தில் இரண்டு கொக்கிகளைத் தள்ளினால் பேட்டரி கையோடு கழன்று வந்துவிடும். பேட்டரியை உள்ளே வைத்துத் திருகி மூடிவிடும் இன்றைய மாதிரிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய பெட்டியின் அருமை எனக்குக் கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் அது மின்சார விஷயத்தில் முரண்டு பிடிக்கத் தொடங்கியபோது, புதிது வாங்கிவிடுங்கள் என்று வீட்டில் சொன்னதைக் காதில் வாங்காமல் பழுது எங்கே என்று தேடத் தொடங்கினேன்.

முரண்டு மூன்று விதமாக வந்தது. அடாப்டரின் ஒயர் சற்று அசைந்தால் சார்ஜ் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. சில நாட்களில் ஒயர் ஒழுங்காகச் செருகியிருந்தும், திரையின் மூலையில் 'இணைப்பில் உள்ளது, சார்ஜ் ஆகவில்லை' என்ற பொருளில் ஆங்கில வாசகம் வந்து நின்றது. மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்தியது. மின்சாரம் போன நேரத்தில், பேட்டரியில் இன்னும் 37 சதவீதம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தபோதே, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி பொட்டென்று அணைந்தது. சேமிக்காத பதினெட்டுப் பக்கங்களின் திருத்தம் அதோடு போயிற்று.

மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்று நானாக முடிவு செய்துகொண்டதுதான் நான் செய்த தவறு. பத்து ஆண்டுகள் உழைத்த பேட்டரி, அது போய்விட்டது, வேறென்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன். பதிப்பக வேலையாகச் சென்னை போனபோது மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இறங்கி, ஒரு கடையில் 1,900 ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கிக்கொண்டேன். மாதிரி எண்ணைச் சொன்னதும் அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டியில் பளபளப்பான ஒட்டுப்படம், ஆறு மாத உத்தரவாதம், 11.1 வோல்ட், 5,200 எம்ஏஹெச் (கொள்ளளவைச் சொல்லும் மில்லி ஆம்பியர்-மணி) என்று கொட்டை எழுத்து. அசல் பேட்டரியில் 10.8 வோல்ட், 4,400 எம்ஏஹெச் என்றுதான் இருந்தது. கூடுதலாகவே கிடைத்திருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டு இரவு ரயில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து பொருத்தினேன். ஒயர் அசைந்ததும் சார்ஜ் விளக்கு அணைந்தது.

அதன் பிறகுதான் புத்தி வந்து, இந்த மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதினேன். சுவரில் உள்ள பிளக் பாயின்ட், அதிலிருந்து அடாப்டருக்கு வரும் ஒயர், அடாப்டர், அதன் மெல்லிய ஒயர், மடிக்கணினியின் பக்கவாட்டில் அந்த ஒயரைச் செருகும் டிசி ஜாக், உள்ளே மதர்போர்டில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சுற்று, கடைசியில்தான் பேட்டரி. நான் ஏழாவது இடத்தில் பணத்தைக் கொட்டிவிட்டு முதல் ஆறு இடங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் மடையிலிருந்து பார்த்துக்கொண்டு வருவதுதான் முறை. கடைமடை வயலில் நின்று புதுப் பாத்தி கட்டுவதால் பயன் எதுவும் இல்லை.

சுவரில் அதிக வேலை இருக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவிட்ச் போர்டில் உள்ள பழைய சாக்கெட்டின் உட்தகடுகள் அகன்று போய், பிளக் ஆடிக்கொண்டிருந்தது உண்மைதான். வேறு அறையில் செருகிப் பார்த்தும் பழுது அப்படியே இருந்ததால் அதை நிரபராதி என்று விட்டுவிட்டேன். அடாப்டரின் பின்பக்கத்தில் செருகும் மூன்று துளை முனையை மட்டும் எல்லோரும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. அது பாதி கழன்று நிற்பது கண்ணுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உலோக உடல் கொண்ட மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் விரலில் சுருசுருவென்று மெல்லிய அதிர்வு தெரிவதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது கணினியின் பழுது அல்ல. அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைத்திருக்கும் சிறு மின்தேக்கிகள் வழியாக மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் வெளிப்பக்கத்துக்கு வருகிறது. எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் சாதனத்தைச் செருகினாலோ, வீட்டு எர்த் வெறும் பெயருக்கு இருந்தாலோ, அதற்குப் போக வழியில்லாமல் நம் விரலைத் தேடுகிறது. இதற்குக் கணினிக் கடையைவிட எலக்ட்ரீஷியனைப் பார்ப்பதே சரி.

அடுத்தது அடாப்டர். அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை அதுவரை நான் படித்ததில்லை. உள்ளே வருவது 100 முதல் 240 வோல்ட். வெளியே போவது 19 வோல்ட், 3.42 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 65 வாட். மாற்று அடாப்டர் வாங்குபவர் வோல்ட் எண் ஒத்திருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஆம்பியர் எண் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும் என்பதால் கூடுதல் ஆம்பியரால் கெடுதல் இல்லை. வாட் குறைந்த அடாப்டரைச் செருகினால் கணினி ஓடும், ஆனால் ஓடும்போது சார்ஜ் ஏறாது. அணைத்து வைத்தால் மட்டும் ஏறும். இந்த ஒரு அறிகுறியை வைத்தே, தவறான அடாப்டரைப் போட்டிருக்கிறார்கள் என்று பாதி நேரம் சொல்லிவிடலாம். சில நிறுவனங்களின் அடாப்டரில் நடுவே ஊசி போன்ற மூன்றாவது முனை ஒன்றும் உண்டு. அடாப்டர் எத்தனை வாட் என்பதைக் கணினிக்குச் சொல்லும் தகவல் கம்பி அது. அது வளைந்தாலோ உள்ளே அறுந்தாலோ, கணினி அடாப்டரை அடையாளம் தெரியாத ஆளாகக் கருதி, சார்ஜை மறுத்து, செயலியின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

என்னிடம் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தது. டிசி 200 வோல்ட் நிலையில் வைத்து, சிவப்பு முனையை அடாப்டர் பின்னின் உட்குழியிலும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் தொட்டேன். 19.2 என்று காட்டியது. அடாப்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து, அக்கம்பக்கத்தில் எனக்குத் தெரிந்த மடிக்கணினி பழுது பார்க்கும் இளைஞரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "சும்மா இருக்கும்போது எல்லா அடாப்டரும் 19 காட்டும் சார். பாரம் ஏத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

அவர் பாரம் ஏற்றிய விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. காரின் பக்கவாட்டுச் சைகை விளக்குக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்புகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்து, ஒரு பலகைத் துண்டில் ஆணி அடித்து வைத்திருந்தார். அதன் நுனியில் பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய ஜாக் ஒன்று. 19 வோல்ட் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு பல்புக்கும் ஒன்பதரை வோல்ட் கிடைப்பதால் பல்பு எரிந்துபோகாது. ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் ஓடும். அடாப்டரைச் செருகினார். பல்புகள் மஞ்சளாக எரிந்தன. மீட்டரில் 18.9. பிறகு அடாப்டர் ஒயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் நெருடிக்கொண்டே, ஒவ்வொரு அங்குலத்தையும் மடக்கிப் பார்த்தார். பின்னுக்கு அருகே ரப்பர் கழுத்து முடியும் இடத்தில்தான் பெரும்பாலான ஒயர்கள் உள்ளே அறுகின்றன என்பதால் அங்கே கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார். பல்பு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. அதன் பிறகே அடாப்டரை ஓரமாக வைத்துவிட்டு, "இது தங்கம்" என்றார். பல்பு எரிவதையும் சிமிட்டுவதையும் பார்ப்பதற்கு இலக்கமீட்டரின் எண்ணைவிடக் கண் மேலான கருவி என்று எனக்குப் பட்டது. மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவை எண்ணை மாற்றுவதற்குள் ஒரு நொடிப் பகுதித் துண்டிப்பு நடந்து முடிந்துவிடும்.

கணினியைப் பிரிப்பதற்கு முன் அவர் இன்னொன்று செய்தார். பேட்டரியையும் அடாப்டரையும் எடுத்துவிட்டு, ஆன் செய்யும் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தார். இணையத்தில் எல்லாப் பழுதுக்கும் இதையே மருந்தாகச் சொல்வதால் எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. காரணம் என்னவோ நியாயமானதுதான். மதர்போர்டில் விசைப்பலகை, விசிறி, சார்ஜ் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று தனியாக இருக்கிறது. கணினியை அணைத்தாலும், பேட்டரியோ அடாப்டரோ இணைந்திருக்கும்வரை அது உறங்குவதில்லை. அது குழம்பிப்போனால் சாதாரணமாக அணைத்துப் போடுவதால் தெளியாது. மின்தேக்கிகளில் எஞ்சிய மின்சாரமும் வடிந்தால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். என் தங்கையின் கணினி ஒரு மாதம் உயிரில்லாமல் கிடந்து இதனால் எழுந்தது. என் கணினி அசையவில்லை.

ஜாக்கில்தான் ஆள் அகப்பட்டான்.

அடிமூடியின் பதினோரு திருகுகளையும் விசைப்பலகையையும் கழற்றி, மதர்போர்டைப் பாதி தூக்கி, ஜாக்கின் பின்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்துக் காட்டினார். நடு முனையைப் பலகையோடு பிடித்திருக்கும் ஈயப்பொட்டின் மேல் தலைமுடி கனத்தில் முழு வட்டமாக ஒரு கோடு. வெறும் கண்ணுக்கு அது அழுக்கு போலத்தான் தெரிந்தது. ஜாக்கை விரலால் லேசாக அசைத்தபோது, வட்டத்துக்குள்ளே முனை மட்டும் தனியாக ஏறி இறங்கியது. சுற்றியுள்ள பச்சைப் பலகை, தோசைக்கல்லின் ஓரம் போலப் பழுப்பேறியிருந்தது.

அந்தப் பழுப்புக்குக் கணக்கு உண்டு. விரிசல் விட்ட இணைப்பு அரை ஓம் தடை கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் வழியே மூன்று ஆம்பியர் ஓடும்போது ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். நாலரை வாட் வெப்பம் கடுகளவு இடத்தில் குவியும். வோல்ட் விழுந்ததைக் கண்ட சார்ஜ் சுற்று, அடாப்டரால் தாங்க முடியவில்லை என்று கருதிச் சார்ஜை நிறுத்திவிடும். இணைப்பில் உள்ளது, ஆனால் சார்ஜ் ஆகவில்லை என்ற வாசகத்தின் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஒயர் செருகும் இடம் சில நாட்களாகச் சூடாக இருந்ததையும் நான் கவனித்திருந்தேன். கோடை, எல்லாமே சூடாகத்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். படுக்கையில் சாய்ந்துகொண்டு, ஒயர் செருகிய பக்கம் தொடையில் முட்ட, ஆண்டுக்கணக்கில் படித்ததன் பலன் அந்த வட்டக் கோடு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க இருபது நிமிடம் ஆயிற்று. கூலி 350 ரூபாய். சில மாதிரிகளில் ஜாக் பலகையில் ஒட்டாமல் ஒரு சிறு ஒயருடன் தனியே வரும். அவற்றில் பற்றவைப்புக்கூடத் தேவையில்லை, கழற்றி மாட்டினால் போதும்.

முதல் இரண்டு முரண்டுகளும் அன்றோடு ஒழிந்தன. மூன்றாவது ஒழியவில்லை. புது பேட்டரியைப் போட்டு, முழுதாக ஏற்றி, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு வேலை செய்தேன். ஒன்றரை மணி நேரத்தில், 61 சதவீதம் மீதம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே அணைந்தது. பழையதாவது 37 வரை வந்தது.

பேட்டரியைப் பற்றி நான் உட்கார்ந்து படித்தது அதற்குப் பிறகுதான். விண்டோஸ் 8-க்குப் பிந்தைய கணினிகளில் இதற்கென்று வெளிக்கருவி எதுவும் வேண்டாம். ஆணைகள் எழுதும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்தெழுதினால், உலாவியில் திறக்கக்கூடிய ஓர் அறிக்கையைக் கணினியே எழுதி வைக்கிறது. அதில் மூன்று எண்கள் முக்கியம். செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு, இதுவரை ஏற்றி இறக்கிய சுற்றுகளின் எண்ணிக்கை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு யுபவர் என்ற ஆணை இதே எண்களைக் காட்டும். அங்கே அளவு வாட்-மணியில் வரும், இங்கே மில்லிவாட்-மணியில்.

பழைய பேட்டரியைப் போட்டு அறிக்கை எடுத்தேன். செய்தபோது 47,520. பத்து புள்ளி எட்டை 4,400-ஆல் பெருக்கினால் வரும் அதே எண். இப்போது 31,200. சுற்றுகள் 412. மூன்றில் இரண்டு பங்கு இன்னும் இருக்கிறது என்றால் 37 சதவீதத்தில் ஏன் அணைய வேண்டும்?

பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதை யாரும் எட்டிப் பார்த்து அளப்பதில்லை. உள்ளே இருக்கும் சில்லு, எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே போயிற்று என்று கல்லாப்பெட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. நிறைந்த நிலையிலிருந்து காலியாகும் நிலை வரை ஒருமுறை முழுதாக இறங்கினால்தான் அந்தக் கணக்கு நேராகும். மேசையில் வைத்து எந்நேரமும் செருகியே வேலை செய்த என் கணினிக்கு அப்படி ஒரு வாய்ப்பு ஆண்டுக்கணக்கில் கிடைக்கவே இல்லை. ஆகவே 31,200 என்பது கணக்குப்பிள்ளையின் பழைய நினைவு. 37-இல் அணைந்தது என்றால் உண்மையில் செலவானது மீதி 63 சதவீதம்தான்; அந்த 31,200-இல் 63 சதவீதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன், 19,656 வந்தது. பிறகு முழுதாக ஏற்றி, இரண்டு மணி நேரம் அப்படியே விட்டு, தானாக உறங்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, அணையும் வரை ஓடவிட்டு, மறுபடி முழுதாக ஏற்றி அறிக்கை எடுத்தேன். முழுக் கொள்ளளவு 19,870 என்று மாறியிருந்தது. இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி வந்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பேட்டரி செத்துக்கொண்டிருக்கும் செய்தியால்கூடக் குறைக்க முடியவில்லை. இப்போது அது 37-இல் அணைவதில்லை. ஒழுங்காக ஒற்றை இலக்கம் வரை இறங்கி, எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் உறங்கப் போகிறது.

கொள்ளளவு இப்படிச் சரிவதற்கு உள்ளே இருக்கும் அமைப்பும் ஒரு காரணம். என் பேட்டரிக்குள் ஆறு உருளைகள் இருக்கின்றன. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை என்பதால் அவற்றுக்கு 18650 என்றே பெயர். இவ்விரண்டாகச் சேர்த்து மூன்று சோடிகளாக்கி, அந்த மூன்றையும் தொடராக இணைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் உருளையும் நிறைந்தால் 4.2 வோல்ட், காலியானால் 3 வோல்ட்டை ஒட்டி. ஒரு சோடி மட்டும் தளர்ந்துபோனாலும் அது முதலில் தரையைத் தொட்டுவிடும். மற்ற இரண்டிலும் மிச்சம் இருந்தாலும் பாதுகாப்புச் சுற்று மொத்தத்தையும் துண்டித்துவிடும். மூன்று பேர் கயிறு கட்டி மலை ஏறும்போது ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மற்ற இருவரும் நிற்க வேண்டியதுதான்.

லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி நிறுவனம், 1991-இல். அதற்கான அடிப்படையை அமைத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அவர்கள் கொடுத்த பொருளுக்குப் பிடிக்காதவை இரண்டு: வெப்பம், முழு வயிறு. கிராஃபைட் முனையின் மேல் படியும் மெல்லிய படலம் காலப்போக்கில் தடித்துக்கொண்டே போய், வேலை செய்ய வேண்டிய லித்தியத்தைத் தின்றுவிடுகிறது. சூடும் உயர் வோல்ட்டும் அதை விரைவுபடுத்துகின்றன. தொடர்ந்து நூறு சதவீதத்தில் நிறுத்தி, மே மாதத்துக் கும்பகோணத்து அறை வெப்பத்தோடு கணினியின் சொந்தச் சூட்டையும் சேர்த்து ஊட்டி, நான் பத்து ஆண்டுகள் செய்தது இதைத்தான். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி என் கணினியின் சொந்த மென்பொருளிலேயே இருந்தது. அந்த மென்பொருளை வேண்டாத சுமை என்று வாங்கிய வாரமே நீக்கியவன் நான்.

இனி ரிச்சி தெருப் பேட்டரிக்கு வருகிறேன். அதன் அறிக்கை என்னைத் திகைக்க வைத்தது. செய்தபோது 57,720. இப்போது 57,720. சுற்றுகள் பூஜ்யம். பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கிய பிறகும் அதே மூன்று எண்கள். எழுதும் வேலையின்போது என் கணினி சராசரியாக 15 வாட் இழுக்கிறது என்பதை ஓர் இலவச மென்பொருள் காட்டியது. அப்படியானால் 57 வாட்-மணிக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். ஓடியதோ ஒன்றரை மணி. உள்ளே இருப்பது இருபத்திரண்டு வாட்-மணிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 61 சதவீதத்தில் அணைந்ததும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. சில்லில் யாரோ எழுதி வைத்த எண்ணை அது கிளிப்பிள்ளை போல ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

இன்னும் ஐயம் தீராமல் இரண்டு பேட்டரிகளையும் எதிர்த்த மளிகைக்கடைக்கு எடுத்துப் போய் எடை போடச் சொன்னேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் மிளகாய் வற்றல் தட்டை இறக்கிவிட்டுப் போட்டுக் காட்டினார். பழையது 318 கிராம். புதியது 262 கிராம். நல்ல 18650 உருளை ஒன்று ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். கொள்ளளவு அதிகம் என்று எழுதியிருக்கும் பேட்டரி, குறைந்ததைவிட 56 கிராம் இலேசாக இருந்தால், உள்ளே எதையோ குறைத்திருக்கிறார்கள் என்று அறிய வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஒட்டுப்படத்தையும் உற்றுப் படித்தேன். இந்தியாவில் விற்கும் இத்தகைய பேட்டரிகளில் இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு எண், ஆர் என்ற எழுத்தில் தொடங்கி, ஐஎஸ் 16046 என்ற தர எண்ணோடு இருக்க வேண்டும். என்னுடையதில் அது இல்லை. வாங்கும்போதே பார்த்திருக்கலாம்.

பழைய பேட்டரி இப்போது கொடுப்பது ஒரு மணி பத்தொன்பது நிமிடம். புதியது ஒன்றரை மணி. 1,900 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது பதினோரு நிமிடம்.

பழைய கூட்டைத் திறந்து புது உருளைகளை வைத்துத் தருவதாகவும் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். உருளைகளை நிக்கல் பட்டையால் புள்ளிப் பற்றவைப்புச் செய்ய வேண்டும். ஈயக்கோலைச் சூடாக்கி நேரே வைத்தால் உள்ளே சேதம் வரும். உருளைகளைப் பிரித்த நொடியிலேயே பூட்டிக்கொண்டு மறுபடி வேலை செய்ய மறுக்கும் சில்லுகளும் உண்டு. இவற்றைவிட, என் காகிதக் கட்டுகளுக்கு நடுவே அது தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற பயமே பெரிதாக இருந்தது. தட்டையான பை வடிவ பேட்டரி உள்ள கணினிகளில், டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ அடிமூடி புடைத்தாலோ, அளப்பதையும் ஆராய்வதையும் விட்டுவிட்டு உடனே அணைத்து, குத்தாமல் அழுத்தாமல் பேட்டரியைக் கழற்றுவிக்க வேண்டும். அதில் என் பொறுமை செல்லாது.

இத்தனை தடவை பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் வேறொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் கணினியின் தேதி 2012 ஜனவரிக்குப் போய்விட்டது. வங்கித் தளம் முதல் மின்னஞ்சல் வரை பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி அலறியது. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டிருந்தது. ஐம்பது ரூபாய்க்கு முடிந்துபோன விஷயம்.

இப்போது பழைய பேட்டரியையே போட்டு, அந்த மென்பொருளை மறுபடி நிறுவி, 80 சதவீதத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் தாங்குகிறது. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்கு இடைப்பட்ட அந்த இமைப்பொழுதில் கணினி அணையாமல் இருக்க அது ஏராளம். பேட்டரியே இல்லாமல் ஓட்டுபவர்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கத்துச் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைத்துப் பார்க்கலாம். அந்த நிலையில் மாறும் நேரம் குறைவு என்பதால், அடாப்டரின் உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரமே பெரும்பாலும் சமாளித்துவிடும்.

ரிச்சி தெருக் கடைக்கு உத்தரவாதத்தைச் சொல்லித் தொலைபேசினேன். சார்ஜ் ஏறுகிறதா என்று கேட்டார். ஏறுகிறது என்றேன். திரையில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். நூறு என்றேன். "அப்புறம் என்ன சார் பிரச்சினை?" என்றார். கணினியே எழுதிக் கொடுத்த அறிக்கை இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டேன். அனுப்பச் சொன்னார். அனுப்புவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். செய்தபோது 57,720, இப்போது 57,720, சுற்றுகள் பூஜ்யம். அனுப்பவில்லை. அந்த பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுப்பதற்காக ஒரு தகரப் பெட்டியில் தனியே வைத்திருக்கிறேன்.